தம்பியின் படகில் ஒரு பழைய ஹீட்டர்

தினமும் காலை ஆறு மணிக்கு நான் ஒலிவாங்கியின் முன் உட்காரும்போது உங்களில் பாதிப் பேர் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் இருப்பீர்கள். மீதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பசியாறிக்கொண்டிருப்பீர்கள். "குடும்பத்துக்குள்ள ஒளிவுமறைவு வேணாம், மனசுவிட்டுப் பேசுங்க" என்று வானொலியில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படிச் சொன்ன நானே ஒன்றரை வருடம் என் அப்பா அம்மாவிடம் ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யின் நீளம் 45 அடி. அகலம் ஏழு அடிக்கும் கொஞ்சம் குறைவு. அது என் தம்பியின் படகு.

தம்பி இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவன். படிப்பு முடிந்து மில்டன் கீன்ஸ் நகரில் வேலையும் கிடைத்தது. "ரூம் நல்லா இருக்கா? குளிருக்கு ஹீட்டர் இருக்கா?" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். "எல்லாம் இருக்கும்மா" என்பான். முதல் இரண்டு வருடம் அது உண்மைதான். பிறகு வாடகை ஏறியது. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போனது. வீட்டுக் கடனுக்காகக் கிள்ளானுக்கு அனுப்புவதை மட்டும் அவன் குறைக்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஒரு பழைய படகு வாங்கிட்டேன். அதிலதான் இருக்கேன். அப்பாகிட்ட சொல்லிடாதே" என்றான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அப்பா கிள்ளானில் லோரிப் பட்டறையில் நாற்பது வருடம் உழைத்தவர். சின்ன வயதில் தம்பி ஸ்பேனரைத் தொட்டாலே கையில் ஒன்று போடுவார். "இந்தக் கைக்கறுப்பு என்னோட போகட்டும்" என்பார். அப்படிப் படிக்க வைத்த மகன், எண்ணெய்யும் கரியுமாக ஓர் இரும்புப் படகில் குடியிருக்கிறான் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

கடந்த ஜனவரியில் இரண்டு வார விடுப்பு எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். அவன் படகு நின்றது கிராண்ட் யூனியன் கால்வாயில். லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் வரை 137 மைல் ஓடும் கால்வாய் அது. வழியில் 166 மதகுகள். நிலக்கரியையும் சரக்குகளையும் குதிரைகள் கரையில் நடந்தபடி படகுகளில் இழுத்துச் சென்ற காலத்தில் வெட்டியது. இங்கிலாந்தின் பல கால்வாய்களில் மதகுகளின் அகலம் ஏழடிதான் என்பதால், படகுகளும் அந்த அளவுக்குள் ஒடுங்கிக்கொண்டன. இன்று அந்தக் குறுகிய படகுகளே பலருக்கு வீடு. நிரந்தர நிறுத்துமிடம் இல்லாதவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தம்பியும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டையே ஓட்டிக்கொண்டு போய் வேறு மரத்தடியில் கட்டுவான்.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அடுப்பு, அலமாரி, மடக்கு மேசை, கடைசியில் ஒரு படுக்கை, எல்லாம் ஒரே வரிசை. முன் அறையில் ஒரு குட்டி இரும்புக் கணப்பு எரிந்தது. ஆனால் பின்பக்கப் படுக்கையில் கை வைத்துப் பார்த்தேன். மெத்தை ஈரமாக, ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோல இருந்தது. சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி. கணப்பின் சூடு முன் அறையோடு நின்றுவிடுகிறது, அவன் வேலைக்குப் போனதும் அணைந்தும் விடுகிறது. இரவு திரும்பும்போது வீடு குளிர்ந்து கிடக்கும்.

"கேமரன் மலையில கூட இப்படிக் குளிராதேடா. இதுலயா ரெண்டு குளிர்காலம் தூங்கினே?"

"நாலு கம்பளி போட்டுக்குவேன்கா. இந்த வருஷம் ஒரு வழி பண்ணிட்டேன், வா காட்டுறேன்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தான்.

உள்ளே ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு பழைய டீசல் ஹீட்டர். நீண்டதூர லோரிகளில் ஓட்டுநர் தூங்கும் இடத்தைச் சூடாக்க வைப்பது. உடைத்துப் பிரித்த ஒரு லோரியிலிருந்து வந்தது. புதிது வாங்கினால் ஆயிரம் பவுண்டைத் தொடும். இது இருநூறு பவுண்டு. நம் காசுக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி.

அது வேலை செய்யும் விதத்தை அவன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். ஒரு சின்ன பம்ப் டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு 'டிக்' சத்தம். உள்ளே ஒரு கம்பி மின்சாரத்தில் செந்தணலாகச் சூடேறி அந்த டீசலைப் பற்றவைக்கும். தீ ஒரு மூடிய அறைக்குள் எரியும். அதற்கு வேண்டிய காற்று ஒரு குழாய் வழியே உள்ளே வரும், புகை இன்னொரு குழாய் வழியே வெளியே போகும். அந்த அறையின் வெளிச்சுவரை ஒட்டி இன்னொரு காற்று ஓடிச் சூடாகி, வீட்டுக்குள் வரும். தீயின் காற்றும் நாம் சுவாசிக்கும் காற்றும் எந்த இடத்திலும் கலக்கக்கூடாது. எல்லாமே அந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. அன்று எனக்கு அது புரிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் கரையிலேயே வைத்துச் சோதித்தோம். ஒரு பலகையில் ஹீட்டரைக் கட்டி, பால் போத்தலில் டீசல் ஊற்றி, பேட்டரியைக் கொடுத்தான். விசிறி சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கி, முனகி, நின்றே போனது. மறுபடி முயன்றான். அதே கதை.

"பழுது போல இருக்குக்கா. இருநூறு பவுண்டு போச்சு."

நான் வேலை பார்ப்பது காதால். ஒலிக்கூடத்தில் ஒரு கம்பி சரியாகப் பொருந்தவில்லை என்றால்கூட எனக்குக் கேட்டுவிடும். "இல்லடா. மோட்டார் நல்லாத்தான் ஆரம்பிக்குது. கரண்ட் பத்தாம மூச்சு வாங்குது" என்றேன். அவன் கம்பியைப் பார்த்தான். மேசை விளக்குக்குப் போடுகிற மெல்லிய கம்பி. இந்த ஹீட்டர் ஓடும்போது சாப்பிடும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்கள் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெல்லிய கம்பியில் வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும். ஹீட்டரின் மூளை 'பேட்டரி செத்துவிட்டது' என்று நினைத்து நிறுத்திவிடும். தடித்த கம்பி போட்டதும் பம்ப் டிக் டிக்கென்று அடித்தது. முதலில் வறண்ட சத்தம். டீசல் குழாயை நிரப்பியதும் அதே சத்தம் கனத்துக் கீழே இறங்கியது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு 'புஸ்' என்று ஒரு மூச்சு. சூடான காற்று என் விரல்களில் பட்டபோது நாங்கள் இருவரும் கால்வாய்க் கரையில் நின்று கைதட்டினோம். நாயோடு நடந்துபோன ஒரு பெரியவரும் சேர்ந்து தட்டினார்.

அடுத்த இரண்டு நாள் பொருத்தும் வேலை. ஹீட்டரை இயந்திர அறைக்குள் வைத்தான். புகை வெளியேற, நீர்மட்டத்துக்கு ஒரு சாணுக்கும் மேலே, படகின் இரும்புப் பக்கத்தில் வட்ட ஓட்டை போட்டோம். நீரில் மிதக்கும் வீட்டில் ஓட்டை போடுவது எப்படி இருக்கும் தெரியுமா? நான் கண்ணை மூடிக்கொண்டேன். புகைக்குழாயைச் சுற்றி வெப்பம் தாங்கும் துணி சுற்றினோம். பம்பைச் சாய்வாக, வாய் மேல்நோக்கி இருக்கும்படி ரப்பரில் பொருத்தினான், காற்றுக் குமிழி உள்ளே தங்காமல் இருக்க. டீசல் எடுக்கும் குழாயை டேங்கின் அடிவரை விடாமல் கொஞ்சம் மேலேயே நிறுத்தினான். ஹீட்டர் எல்லாவற்றையும் குடித்துவிட்டாலும் படகை ஓட்ட மிச்சம் இருக்க வேண்டுமே.

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்பேனரைப் பிடிக்கும் விதம், திருகாணியை வாயில் கவ்விக்கொள்ளும் விதம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடி வாங்கிய பையன் பட்டறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றிருக்கிறான்.

மூன்றாம் நாள் மாலை ஹீட்டரை ஓடவிட்டோம். படுக்கையறை நம் ஊர் அறைபோல் ஆனது. சன்னலில் ஈரம் காய்ந்தது. குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டு மேகி மீ சாப்பிட்டோம். சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுப் படம் பார்த்தோம். எனக்கு லேசாகத் தலை வலித்தது. விமானப் பயண அலுப்பு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். "எனக்கும்தான் வலிக்குது" என்றான் தம்பி. "ரெண்டு நாளா குனிஞ்சே வேலை செஞ்சதுல."

இரவு 10.20. படுக்கைக்கு மேலே சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி அலறியது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. 2019 ஏப்ரலிலிருந்து, தங்கும் வசதியுள்ள படகுகளில் அது கட்டாயம். அது இல்லாமல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழுக்காகத்தான் தம்பியும் மாட்டியிருந்தான். அதன் சின்னத் திரையில் எண் நூறைத் தாண்டியிருந்தது.

இரு கதவுகளையும் திறந்துவிட்டு, ஹீட்டரை அணைத்துவிட்டுக் கரைக்குத் தாவினோம். காலில் காலுறை மட்டும். புல் எல்லாம் உறைபனி. உள்ளே விசிறி மட்டும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் நடுங்கியது குளிரால் மட்டும் இல்லை. நிறமில்லை, வாசமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று சாதாரணக் களைப்புபோலவே வரும். தூங்கப் போயிருந்தால்? 2013-இல் அதே நாட்டின் விண்டர்மியர் ஏரியில் ஒரு படகில் தாயும் மகளும் இப்படித்தான் இறந்துபோனார்கள். இயந்திர அறையில் வைத்திருந்த ஜெனரேட்டருக்குக் கைவேலையாகச் செய்து மாட்டிய புகைக்குழாய் கழன்றுபோனதே காரணம் என்று விசாரணை சொன்னது. அதைத் தம்பி முன்பே படித்திருந்தான். படித்தும் எங்கள் வேலையில் நம்பிக்கை வைத்திருந்தோம்.

111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தோம். உடனே மருத்துவமனை போய் இரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். டாக்சி பிடித்துப் போனோம். இருவருக்கும் ஆக்சிஜன் முகமூடி. பயப்பட ஒன்றுமில்லை, நேரத்தோடு வெளியே வந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர்.

நள்ளிரவு தாண்டியது. கிள்ளானில் காலை எட்டு மணி இருக்கும். என் கைப்பேசியில் அப்பாவின் காணொளி அழைப்பு. முந்தின நாள் பேசாததால் கூப்பிட்டிருக்கிறார். தம்பி "எடுக்காதே" என்பதுபோல் தலையாட்டினான். ஒன்றரை வருடம் நான் சொன்ன பொய் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. எடுத்தேன்.

முதலில் அப்பா பார்த்தது தம்பியின் முகத்தில் இருந்த முகமூடியை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படகு, வாடகை, குளிர், பழைய ஹீட்டர், புகை. வானொலியில் நாலு மணி நேரம் தடுமாறாமல் பேசுகிறவளுக்கு அன்று ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. அப்பா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"மூச்சு நல்லா விடுறானா?"

"விடுறான்பா."

"சரி. தூங்கி எழுந்திரிங்க. நாளைக்கு அந்தச் சாமான எனக்குக் காட்டுங்க. அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டோம். அங்கே மாலை ஐந்து. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். தம்பி இயந்திர அறைக்குள் இறங்கிக் கைப்பேசியைக் காட்டினான். முதன்முறையாக அப்பாவுக்கு முன்னால் அவன் கை முழுக்கக் கறுப்பு. அப்பா அதைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

"அந்த எக்சோஸ் டப்பா எங்கேர்ந்து வந்துச்சு?"

"லோரியில இருந்த அதேதான்பா. கூடவே குடுத்தாங்க."

"திருப்பிக் காட்டு. அடியில பாரு, சின்ன ஓட்டை இருக்கா?"

தம்பி விரலால் தடவினான். இருந்தது. மிளகு அளவில் ஓர் ஓட்டை.

"தண்ணி வடியறதுக்கு வைக்கிறது அது. லோரிக்கு டப்பா வெளியிலதானே தொங்குது, புகை கசிஞ்சா ரோட்டோட போயிடும். நீ அத ரூமுக்குள்ள வெச்சிருக்கே." சற்று நிறுத்தினார். "அது மட்டும் கசிஞ்சா படுக்கை வரைக்கும் ஏன் வருது? சூடாக்குற காத்த எங்கேர்ந்து இழுக்குது?"

தம்பி பதில் சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் அந்தக் காற்றை இயந்திர அறையிலிருந்தே இழுக்கும்படி விட்டிருந்தோம். குழாய் போடும் வேலை மிச்சம் என்று. ஓட்டை வழியே கசிந்த புகையை எங்கள் ஹீட்டரே உறிஞ்சி, சூடாக்கி, தலையணைப் பக்கமாக ஊதியிருக்கிறது. தீயின் காற்றும் மூச்சுக்காற்றும் கலக்கக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவனே கலந்துவிட்டான்.

"உள்ளயும் கரி பிடிச்சிருக்கும்" என்றார் அப்பா. "பழைய சாமான். சின்னத் தீயில ஓட்டிக்கிட்டே இருந்தா கரிதான் கட்டும். தெரிஞ்ச ஆளு ஒருத்தர வெச்சுப் பிரிச்சுக் கழுவு. காசு பாக்காதே."

அப்படியே செய்தோம். ஓட்டையோ கசியும் தையலோ இல்லாத, படகுக்கென்றே செய்யும் சைலன்சர் வாங்கினான். காற்றை அறைக்குள்ளிருந்தே எடுத்துச் செல்லத் தனிக் குழாய் போட்டான். படகு இயந்திரம் பார்க்கும் ஒருவர் வந்து ஹீட்டரைப் பிரித்து, கரியைச் சுரண்டி, உள் கேஸ்கெட்டுகளைப் புதிதாக மாற்றி, இணைப்பு ஒவ்வொன்றையும் சோதித்தார். எச்சரிக்கைக் கருவி இப்போது இரண்டு. ஹீட்டருக்குக் கொடுத்ததைவிட அதைச் சரிசெய்த செலவு அதிகம். இரண்டாம் கைப் பொருளின் விலை வாங்கும் நாளோடு முடிவதில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின இரவு மறுபடி ஓடவிட்டோம். நான் இரண்டு மணி நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, கைப்பேசியைப் பம்புக்குப் பக்கத்தில் வைத்தோம். டிக்... டிக்... டிக். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சீரா அடிக்குது" என்றார். பிறகு, தம்பியைப் பார்க்காமல், "போல்ட்டெல்லாம் ஒழுங்காத்தான் முடுக்கியிருக்கே. யார்கிட்டக் கத்துக்கிட்டே?"

"உங்ககிட்டதான்பா. கதவுக்குப் பின்னாடி நின்னு."

கொஞ்ச நேரம் டிக் டிக் மட்டும்தான் கேட்டது. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அம்மா எதிர்பார்த்தபடியே அழுதார், திட்டினார். "நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணியில தூங்குது" என்றார். "விழுந்தாலும் எழுந்து நின்னா நெஞ்சளவுதான்மா" என்று தம்பி சமாதானம் சொன்னான். இப்போது அவருடைய புகார் வேறு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் ஒரு மணி நேரம் எண்ணெய், பில்டர், பெல்ட் என்றே பேசுகிறார்களாம், தனக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சுகிறதாம்.

நம் ஊரில் யாருக்கும் ஹீட்டர் தேவையில்லை. ஆனால் பெருநாளுக்கு ஊர் திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல், குளிரூட்டியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறோம். பழைய எக்சோஸ் கசிந்தால் அங்கேயும் அதே வாயுதான், அதே தலைவலிதான். களைத்துப் போனதால் வந்த தலைவலி என்று நீங்களும் நினைப்பீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஒலிவாங்கி முன் "மனசுவிட்டுப் பேசுங்க" என்று இப்போதும் சொல்கிறேன். சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்துகிறேன், அவ்வளவுதான். என் கைப்பேசியில் அந்தப் பம்பின் சத்தம் பதிவாக இருக்கிறது. நாற்பது விநாடி. கடைசியில், அப்பா தொண்டையைச் செருமுவதும் கேட்கும்.